வடக்கு நோக்கிய சாளரம்

கோபன்ஹேகனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பகலில் செல்லும் விமானத்தில் கிரீன்லாந்தைக் காண விரும்புவோர் வலப்புறச் சாளர இருக்கையையே நாட வேண்டும். தட்டையான வரைபடத்தில் அட்லாண்டிக்கின் குறுக்கே செல்வதுபோல் தோன்றும் இவ்வழி, உருண்டையான புவியின் மீது இரண்டு ஊர்களுக்கிடையே அமையும் மிகக் குறுகிய வழியாகிய பெருவட்டப் பாதையின்படி வடக்கே வளைந்து, ஏறத்தாழ 69 பாகை வடக்கு அட்சத்தில் கிரீன்லாந்தைக் கடக்கிறது. 1954 நவம்பரில் ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் இவ்விரு நகரங்களுக்கிடையே தொடங்கிய சேவையே வடதுருவப் பகுதியைப் பயணிகளின் கண்ணுக்குரியதாக்கியது.

அங்கு விமானம் மேற்கு நோக்கிப் பறப்பதால் தெற்கே நிற்கும் சூரியன் இடப்புறச் சாளரங்களில் கண்ணைக் கூசச் செய்ய, வலப்புறத்தில் இருப்பவருக்கோ அதே ஒளி முதுகுப்பக்கத்திலிருந்து விழுந்து மலைமுகங்களைத் துலக்கிக் காட்டுகிறது. ஐஸ்லாந்தின் வடகரை இடப்புறத்தாருக்கே வாய்க்கும் என்பது உண்மையாயினும், கிரீன்லாந்தின் கிழக்குக் கரைக்காக அதனை இழக்கலாம். இறக்கைக்கு முன்னுள்ள வரிசைகளே சிறந்தவை. இறக்கையை அடுத்துப் பின்னால் அமர்ந்தால் எஞ்சினின் வெப்பக்காற்று காட்சியைக் கலங்கச் செய்யும்.

கிழக்குக் கரையே இப்பயணத்தின் உச்சம். ஆர்க்டிக் பெருங்கடலிலிருந்து நீரோட்டம் தெற்கே இழுத்துவரும் கடற்பனி சுழிசுழியாக விரிய, அதன் பின்னே 3,694 மீட்டர் உயர்ந்து ஆர்க்டிக் வட்டத்திற்கு வடக்கே மிக உயரமானதாக விளங்கும் குன்பியோர்ன் சிகரத்தைக் கொண்ட வாட்கின்ஸ் மலைத்தொடர் எழுகிறது. பனிப்பாளத்தைத் துளைத்துத் தலைநீட்டும் பாறைமுடிகளாகிய நுனாடக்குகளும், இரு பனியாறுகள் கூடுமிடத்தில் அவற்றின் ஓரக்கற்கள் இணைந்து நடுவே கருங்கோடாக நீளும் நடுப்படிவுகளும் பனியின் ஓட்டத்தைக் கண்முன் வரைந்து காட்டுகின்றன. சூரியன் தாழ்ந்திருக்கும் இளவேனிலில் நிழல்கள் நீண்டு இவ்வடிவங்கள் மேலும் துலங்குகின்றன.

இதற்குப்பின் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வெறும் வெண்மைதான். கோடையாயின் மேற்கு ஓரத்தில் உருகுநீர் தேங்கிய நீலக் குட்டைகள் தென்படும். மேற்குக் கரையில், யுனெஸ்கோ 2004-இல் உலக மரபிடமாக ஏற்ற இலுலிசாட் பனிக்கழிமுகம், வானம் தெளிந்திருந்தால், பனிமலைகள் நெருங்கி நிற்கக் காட்சி தரும்.

காற்றின் போக்கைப் பொறுத்து வழி நாள்தோறும் மாறும். திரும்பும் பயணத்தில் மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்றோட்டத்தின் துணையை நாடி விமானம் பெரும்பாலும் தெற்கே விலகிச் செல்வதோடு, அப்பயணம் இரவிலும் அமைவதால், கிரீன்லாந்தை நம்பி இருக்கை தேர்வது மேற்கு நோக்கிய பயணத்திற்கே பொருந்தும். மேற்கு நோக்கிய பயணத்தில் பணிப்பெண்கள் சாளரத் திரையை இறக்கச் சொல்லும் நேரமும் பெரும்பாலும் கிரீன்லாந்தை நெருங்கும் வேளையே ஆதலால், கிழக்குக் கரை கடக்கும் வரையிலேனும் அதைச் சற்றே திறந்து வைக்க இசைவு கேட்டுப் பெறுவது ரசிகரின் கடமை.