வால்தர் விதியும் அதன் எல்லையும்

யோஹான்னஸ் வால்தரின் பெயர் புவிச்சரிதவியல் வகுப்புகளில் ஒரே ஒரு விதியாகச் சுருங்கிவிட்டது. பாக்கு நீரிணையை அண்டி வாழும் நாமாவது அவரைக் கொஞ்சம் விரிவாக எடைபோட வேண்டும். இராமர் அணையையும் நீரிணையின் முருகைக்கற் பார்களையும் நேரில் ஆராய்ந்து 1891இல் தனிநூல் வெளியிட்டவர் அவர்.

1860இல் ஜேர்மனியில் பிறந்தார். யேனாவில் ஏர்ன்ஸ்ட் ஹெக்கலிடம் உயிரியல் கற்றபின்பே பாறைகளிடம் வந்தார். அவருடைய பலமே அதுதான். எந்தச் சிப்பி எந்தச் சேற்றில் வாழ்கிறது என்று நேப்பிள்ஸ் குடாவிலும் சினாய்க் கரையிலும் பார்த்துப் பழகிய கண் அது. பின்னர் யேனாவிலும் 1906 முதல் ஹாலேயிலும் பேராசிரியராக இருந்தார்.

1893–94இல் வந்த பெருநூலில்தான் அந்த விதி இருக்கிறது. இடைவெளியின்றி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடையல்கள், முன்பு பக்கம் பக்கமாக இருந்த சூழல்களுக்குரியவை. கொட்டியாரக் குடாவில் மகாவலியின் கழிமுகம் கடலை நோக்கி நகர்ந்தால் குடாச் சேற்றின்மேல் கழிமுக மணலும் அதன்மேல் சதுப்புச் சேறும் படியும். கிடையாக இருந்த வரிசை நிலைக்குத்தாக எழுந்து நிற்கும்.

‘இடைவெளியின்றி’ என்பதை விட்டுவிட்டால் விதி பொய்யாகும். பாடக்குறிப்புகள் பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுகின்றன; பழியோ வால்தர் தலையில். திருகோணமலையின் அன்புவழிபுரத்திலிருந்து கோணேசர் மலையடிக்குப் போய்ப் பாருங்கள். மலை, 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே புவியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. காலடியில் கிடப்பதோ நேற்றைய மணல். இவ்விரண்டுக்கும் இடையே விதிக்கு வேலையில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து மயோசீன் சுண்ணாம்புக்கல்லிடம் கேட்டால் விதி பேசும்.

அவர் உண்மையிலேயே சறுக்கியது பாலைவனத்தில். 1900இல் வந்த பாலைவன நூலில் காற்றுக்கு அளவுக்குமீறிய அதிகாரம் கொடுத்தார். ஜேர்மனியின் டிரையாசிக் காலச் செம்மணற்கற்களைப் பாலைவனமாக வாசித்தார். அவற்றிற் பெரும்பகுதி ஆறுகள் கொட்டியது என்று பின்வந்தோர் காட்டினர். கடலடியில் காட்டிய பொறுமையை அவர் மணல்மேட்டில் காட்டவில்லை.

ஆங்கிலம் வழியே படித்தவர்கள் நெடுங்காலம் அவரைக் கவனிக்கவில்லை. 1973இல் ஜெரார்ட் மிடில்டன் எழுதிய கட்டுரைதான் விதியை முழு நிபந்தனையோடு மீட்டது. என் தீர்ப்பு: பாலைவன நூலை வரலாற்று ஆவணமாக மட்டும் வைக்கலாம். விதியை நிபந்தனையோடு கற்பிக்க வேண்டும். தமிழுக்கு முதலில் வரவேண்டியது, நம் கடலைப் பற்றிய அந்த 1891 நூல்.