609 மணி நேரம்: ஒரு நட்பின் கணக்கு

அடியேன் புலவர் பட்டம் பெற்றவன் அல்ல. வந்தவாசிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து பாத்திரக் கடை வைத்தவன். கடை அடைத்த பிறகு இரவில் படித்ததுதான் என் தமிழ். ஆகவே இந்த விமரிசனத்தில் கொஞ்சம் வியாபார வாசனையும் அடிக்கும். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் ஓர் ஆங்கில நாவலைக் கையில் கொடுத்தாள். கேப்ரியல் செவின் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2022-இல் வெளியிட்ட 'டுமாரோ, அண்ட் டுமாரோ, அண்ட் டுமாரோ'. தலைப்பு ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்திலிருந்து எடுத்தது. கதையோ கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் இருவரைப் பற்றியது. "இதெல்லாம் எனக்கு எதுக்கும்மா?" என்றேன். "கூட்டு வியாபாரக் கதைதான்ப்பா, படிங்க" என்றாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடித்தேன்.

1987, லாஸ் ஏஞ்சலிஸ் ஆஸ்பத்திரி. கார் விபத்தில் தாயை இழந்து, பாதம் நொறுங்கி, யாரோடும் பேசாமலிருக்கும் சிறுவன் சாம். நோயாளி அக்காவுக்காக அங்கே வரும் சிறுமி சேடி. விளையாட்டுத் திரை முன்னால் நட்பு பிறக்கிறது. சேடி தொடர்ந்து வருகிறாள். ஆனால் யூத சமயச் சடங்குக்காகச் செய்யவேண்டிய தொண்டுக் கணக்கில் அந்த நேரத்தையும் எழுதி வருகிறாள். மொத்தம் 609 மணி. சாமுக்கு விஷயம் தெரிந்ததும் பல வருஷம் பேச்சே இல்லை.

இங்கேதான் வியாபாரியான நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சேடியின் அன்பு பொய்யல்ல, கணக்கும் பொய்யல்ல. கணக்கு எழுதியது குற்றமில்லை, மறைத்ததுதான் குற்றம்.

1995-இல் கேம்பிரிட்ஜ் நகரில் மறுபடி சந்திக்கிறார்கள். கடலில் அடித்துச் செல்லப்பட்ட ஒரு குழந்தை வீடு திரும்பும் 'இச்சிகோ' விளையாட்டைச் சேர்ந்து உருவாக்குகிறார்கள். உழைப்பு இருவருடையது, ஊர் பேசுவது சாமின் பெயரை. சாமும் அதை அழுத்தமாகத் திருத்தவில்லை. அன்றிலிருந்து சேடி மனத்தில் இன்னொரு பேரேடு. சாம் மனத்திலும் ஒன்று. பணத்தால் இவர்கள் பிரியவில்லை, "யார் செய்தது?" என்ற கேள்வியால் பிரிந்தார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். இருவருக்கும் நடுவில் பாலமாக நிற்கும் மார்க்ஸ் என்ற நண்பன் அளவுக்கு மீறி நல்லவன். அவனுக்கு ஒரு சிறு கோபமாவது கொடுத்திருக்கலாம். ஆனால் அவன் குண்டடிபட்டுக் கிடக்கும் அத்தியாயத்தை 'நீ' என்று முன்னிலையிலேயே நடத்திச் செல்வது மனத்தை உலுக்குகிறது. பிறகு துக்கத்தில் ஒதுங்கிய சேடிக்காகவே சாம் ஒரு விளையாட்டு உலகை உருவாக்கி, வேறு பெயரில் அவளுடன் பழகுகிறான். அன்புதான், ஆனாலும் மீண்டும் மறைவு. அவள் கோபம் நியாயமே. ஆசிரியர் இருவரில் யாரையும் வெள்ளையடிக்கவில்லை. நாவலின் பெரிய பலம் அதுதான்.

நாலடியாரில் 'நட்பாராய்தல்' அதிகாரத்தை அடுத்து 'நட்பிற் பிழை பொறுத்தல்' வருகிறது. ஆராய்ந்து சேர்ந்தாலும் பிழை வரும், பொறுக்கத்தான் வேண்டும் என்ற முறைவைப்பு அது. இளமையில் மனப்பாடம் செய்தேன். இந்த நாவல்தான் விளக்கவுரை சொன்னது.

எனக்கும் ஒரு கூட்டாளி இருந்தார். சரக்குப் பிடிப்பது அவர், கல்லாவில் உட்கார்வது நான். பெயர்ப் பலகையில் என் பெயர் மட்டும். இருபத்திரண்டு வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒருநாள் விலகிப் போனார். பங்குப் பணத்தைப் பைசா பாக்கியில்லாமல் கொடுத்தேன் என்று இத்தனை நாளும் பெருமை பேசினேன். அது சாம் பேசும் பேச்சு என்று இப்போது தெரிகிறது.

சமணர்களாகிய எங்களுக்கு, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்க ஆண்டில் ஒரு நாள் உண்டு. வருஷா வருஷம் கேட்டேன், அவரைத் தவிர. இந்த வருஷம் அவர் வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்தார். "டீ சாப்பிடறீங்களா?" என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டேன்.

பிள்ளைகள் இதைப் படித்தால் நீங்களும் வாங்கிப் படியுங்கள்.