தெக்க போயி மேக்க திரும்புங்க

மேலமாசி வீதியும் வடக்குமாசி வீதியும் சேரும் முக்கில் நின்று ரயில் நிலையத்துக்கு வழி கேட்டுப் பாருங்கள். அறுபது வயதைத் தாண்டியவர் அகப்பட்டால், "இப்படியே தெக்க போங்க தம்பி, டவுன்ஹால் ரோட்டுல மேக்க திரும்புனா ஸ்டேஷன்தான்" என்பார். கல்லூரிப் பையன் அகப்பட்டால், "நேரா போயி ரைட் எடுங்கண்ணே" என்பான். இருவர் பேசுவதும் மதுரைத் தமிழ்தான். முன்னவர் சொன்ன வழி ஊரில் இருக்கிறது. பின்னவன் சொன்ன வழி கேட்பவரின் உடம்பில் இருக்கிறது. நீங்கள் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றால் பையனின் 'ரைட்' பொய்யாகிவிடும். பெரியவரின் மேற்கு நகராது.

பேசும் மொழிதான் சிந்தனையை வார்க்கிறது என்று சொல்பவர்களுக்கு இந்தத் திசைப் பேச்சு பிடித்தமான சான்று. ஆஸ்திரேலியாவில், கங்காரு என்ற சொல்லை உலகுக்குத் தந்த குகு யிமிதிர் மக்கள் இடம், வலம் என்று பேசாமல் திசை சொல்லியே பேசுவார்கள் என்பதை ஆய்வாளர்கள் வியந்து எழுதினார்கள். மாசி வீதிக்காரருக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை.

நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் ஸ்டீபன் லெவின்சன் குழுவினர் இதற்கு ஒரு சோதனை வைத்தார்கள். மேசைமேல் பொம்மை விலங்குகளை வரிசையாக நிறுத்திக் காட்டுவது. பிறகு ஆளை எதிர்ப்பக்கம் திருப்பி, வேறொரு மேசையில் அதே வரிசையை அடுக்கச் சொல்வது. வடக்குப் பார்த்து நின்றபோது பசுவின் தலை வலப்பக்கம், அதாவது கிழக்கே இருந்தது. தெற்குப் பார்த்துத் திரும்பியபின் சிலர் தலையை மறுபடி வலப்பக்கமே வைப்பார்கள். சிலர் கிழக்கே வைப்பார்கள். அக்குழுவைச் சேர்ந்த எரிக் பெடர்சன் தமிழரிடம் இதை ஆராய்ந்து 1995-இல் எழுதினார். திசை சொல்லிப் பேசிப் பழகியவர்கள், வாய் திறக்கத் தேவையில்லாத இந்த வேலையிலும் பெரும்பாலும் திசை வழியே போனார்கள்; இடம் வலம் சொல்லிப் பழகியவர்கள் தங்கள் கை வழியே போனார்கள்.

இந்த முடிவைத் தமிழின் பெருமைக்குச் சான்றாக மேடையில் சொல்லிவிடலாம். சொன்னால் தப்பு. இரு சாராருக்கும் தாய்மொழி ஒன்று, இலக்கணம் ஒன்று, அகராதி ஒன்று. இடமும் வலமும் திசை சொல்லிப் பேசும் கிராமத்துக்குத் தெரியாத சொற்களா? ஏரில் பூட்டியது வலத்து மாடு, இடத்து மாடுதானே. ஆக, பிரிவினை மொழிக்குள்ளேயே கிடக்கிறது. மனத்தைப் பழக்குவது தமிழ் என்ற மொழி அன்று. அதில் எதை ஒருவர் நாள்தோறும் சொல்லியாக வேண்டியிருக்கிறதோ அந்தப் பேச்சுப் பழக்கம்.

பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு மண்ணைப் பார்க்க வேண்டும். மதுரைக்கு மேற்கே மலை. வைகை வருசநாட்டு மலையில் பிறந்து, நகரைத் தொட்டுக் கிழக்கே இறங்குகிறது. நீர் எங்கிருந்து வருமோ அது மேல், எங்கே போகுமோ அது கீழ். மேற்கும் கிழக்கும் அப்படிப் பிறந்த சொற்கள். இங்கே திசை அறியாமல் விவசாயம் பார்க்க முடியாது; நிலத்தை விற்கவும் முடியாது. கிரையப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதும்போது 'கண்மாய்க் கரைக்கு மேற்கு, இன்னார் புஞ்சைக்கு வடக்கு' என்றுதான் எழுத முடியும். 'இன்னாருக்கு இடப்பக்கம்' என்று எழுதிய பத்திரத்தை எந்தக் கோர்ட் ஏற்கும்? நூறு வருஷம் கழித்து, எழுதியவரும் சாட்சிகளும் செத்தபின்னும், அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு வரப்பைக் காட்டலாம். திசைப் பேச்சின் பலத்துக்கு இதைவிட நல்ல சான்றை எந்தச் சோதனைச் சாலையும் தராது.

நகரமும் அப்படியே கட்டப்பட்டது. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள்; ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நான்கு கரங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்தபோது கிடைத்த இடத்தில் உண்டான தெருக்களில் ஒன்று மாரட் என்ற வெள்ளைக்காரர் பெயரைப் பெற்றது. ஊர் அவரையும் விடவில்லை. கீழ மாரட் வீதி, தெற்கு மாரட் வீதி என்று திசை கட்டிவிட்டது.

ஆனால் சொல் இருப்பதனாலேயே அதன் பொருள் மனத்தில் ஓடுகிறது என்று கொள்ளக்கூடாது. மாசி வீதிகளில் தேர் ஓடுவது சித்திரையில். அந்தப் பெயரைச் சொல்லும்போது யாருக்கும் மாசிக் குளிர் நினைவுக்கு வருவதில்லை. கேரளத்தைப் பாருங்கள். அங்கே மலை கிழக்கே, கடல் மேற்கே. ஆனாலும் மலையாளியும் கிழக்கைக் 'கிழக்கு' என்றே சொல்கிறார். மேற்கு மட்டும் ஞாயிறு படும் 'படிஞ்ஞாறு' ஆகிவிட்டது. கிழக்கே மேடேறுகிறோம் என்று அவர் கால்களுக்குத் தெரியும், நாக்கு கீழ் என்கிறது. இரண்டும் சண்டை போட்டுக்கொள்வதில்லை. மலைக்குக் கிழக்கே இருந்தவர்களின் சொல் அங்கே போயிருக்கிறது என்று கால்டுவெல் இதைச் சான்றாக எடுத்தார். மொழி மனத்துக்குப் போட்ட விலங்கு என்பவர்களுக்கு எதிரான சான்றாகவும் இதை எடுக்கலாம்.

மேசைச் சோதனைக்கும் மறுப்பு வந்தது. பெக்கி லீயும் லைலா கிளைட்மனும் 2002-இல், சுற்றுப்புற அடையாளங்கள் கண்ணில் பட்டால் அமெரிக்க மாணவர்களும் விடையை மாற்றிக்கொள்கிறார்கள் என்று காட்டினார்கள். செய்வது சூழல், மொழியன்று என்பது அவர்கள் வாதம். லெவின்சன் குழு ஒப்பவில்லை. கண்மாய்க் கரையில் வளர்ந்தவருக்குச் சூழலையும் பேச்சையும் எப்படிப் பிரிப்பது என்பதே எனக்கு விளங்கவில்லை. கரை இருந்ததால் பேசினார். பேசியதால் கரையைக் கவனித்தார்.

திசைப் பேச்சில் குறைகளும் உண்டு. அது ஊர்க்காரரை நம்பிய ஏற்பாடு. வெளியூரிலிருந்து மாட்டுத்தாவணியில் இறங்குபவருக்கு, அதுவும் இரவில், 'தெக்க போங்க' என்பது வழியே அன்று. பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் நாலு முறை திரும்பியபின் மாசி வீதிப் பெரியவரும் தடுமாறித்தான் போவார். அங்கே நர்ஸ் காட்டும் இடக்கைப் பக்கம்தான் காப்பாற்றும்.

இதைவிடக் கசப்பான குறை ஒன்று. நீரோட்டத்துக்கு வைத்த கீழும் மேலும் மனிதருக்கும் வைத்த சொற்கள். கிராமத்தில் 'நீங்க எந்தத் தெரு?' என்ற கேள்வி எதைக் கேட்கிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். கீழத்தெரு என்று சொன்ன மாத்திரத்தில் குரல் மாறும் ஊர்கள் உண்டு. மேலூர்ப் பக்கம் மேலவளவு, கீழவளவு என்று இரண்டு ஊர்கள். 1997 ஜூனில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டதிலிருந்து மேலவளவு என்ற பெயரில் திசை கேட்பதில்லை. சாதியைச் சொல் உண்டாக்கவில்லை. கேரளத்துக் கிழக்கு மேடாக இருந்தும் அங்கே சாதிக்குக் குறைவிருந்ததில்லை. ஆனால் சாதி கேட்கும் கேள்வியை வழி கேட்கும் கேள்விபோல ஒலிக்கச் செய்யும் வசதியைச் சொல் கொடுத்தது. இடம், வலம் என்று பேசும் பையனுக்கு இந்தச் சுமை இல்லை. அதற்காகவே அவன் பேச்சை நான் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன்.

அவன் செல்போனும் அவனைப் போலத்தான் பேசுகிறது: இடதுபுறம் திரும்பவும், வலதுபுறம் திரும்பவும். அவன் வீட்டில் திசைக்கு இன்னும் இரண்டு வேலைகள் பாக்கி இருக்கின்றன. வடக்கே தலை வைத்துப் படுக்கக்கூடாது; வாங்கும் ஃபிளாட் கிழக்குப் பார்த்திருக்க வேண்டும். புதுக் குடியிருப்பின் ஐந்தாம் மாடியில் புரோக்கர் செல்போனைத் தரையில் வைக்கிறார். முள் ஆடி அடங்கும் வரை குடும்பமே குனிந்து நிற்கிறது. பாட்டி மட்டும் ஜன்னல் பக்கம் போய், வெயில் எங்கே விழுகிறது என்று பார்க்கிறாள்.