மலினமும் தனித்துவமும்: ஈழத்துத் தமிழ்ப் பொப் பாடல்கள் பற்றிய ஒரு நோக்கு

‘மலினம்’ என்னும் சொல் கலை விமர்சனத்தில் வழங்கும்போது இரு பொருள்களை ஒருங்கே சுமந்து வருகின்றது. ஒன்று படைப்பின் தரக்குறைவு. மற்றது அப்படைப்பைச் சுவைப்போரின் சமூகநிலை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி நோக்காமையால் விளைந்த மயக்கத்துக்கு, 1970களில் பெருஞ் செல்வாக்குப் பெற்ற ஈழத்துத் தமிழ்ப் பொப் பாடல்கள் தக்க எடுத்துக்காட்டாகும். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பாடல்கள் கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களின் பின்னிரவுகளிலும் சுற்றுலா பஸ்களிலும் ஒலித்தன. கற்றோர் அவையில் மட்டும் அவை நாணத்துடனேயே குறிப்பிடப்பட்டன. அந்நாணம் ஆராயத்தக்கது.

இப்பாடல்கள்மீது இரு திசையிலிருந்து கண்டனம் எழுந்தது. இராகமும் தாளக்கட்டும் இல்லாத கூச்சல் என்பது சாஸ்திரிய இசை பயின்றோர் கூற்று. மேற்குலகின் சீரழிந்த பண்பாட்டின் எதிரொலி என்பது முற்போக்குத் தரப்பில் கேட்ட குரல். கிற்றாரும் பளபளக்கும் மேலாடையும் அகன்ற வாய்க் காற்சட்டையும் இரண்டாவது குற்றச்சாட்டுக்குச் சான்றாகக் காட்டப்பட்டன. ஆனால் அத்துள்ளல் தாளம் எங்கிருந்து வந்தது? பைலா என்னும் சொல்லே ‘ஆடு’ எனப் பொருள்படும் போர்த்துக்கேய வினையடியாகப் பிறந்தது. போர்த்துக்கேயர் காலந்தொட்டு இலங்கையிற் குடியேறிய ஆபிரிக்க வம்சாவளியினரும் போர்த்துக்கேயப் பறங்கியரும் பேணிய கப்பிரிஞ்ஞா ஆட்டவிசையே அதன் வேர். மட்டக்களப்புப் பறங்கியர் திருமணங்களில் வயலினோடு அது ஆடப்பட்டு வந்தது. 1940களில் பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்ரியன் அதனைச் சிங்களத்தில் மேடையேற்றினார். ஆகவே, ‘நேற்று இறக்குமதியான சரக்கு’ எனப்பட்டது இத்தீவில் நானூறு ஆண்டளவில் ஊறிய ஒன்று. பளபளக்கும் மேலாடை வேண்டுமானால் புதியதாயிருக்கலாம்.

மொழிநிலையில் இது மேலும் துலக்கமாகின்றது. 1960களின் முற்பகுதியில் நடைபெற்ற ‘மரபுப் போராட்டம்’ ஈழத்து இலக்கிய மாணவர் நன்கறிந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சைக் கதையில் எழுதியமைக்காக முற்போக்கு எழுத்தாளரின் ஆக்கங்கள் ‘இழிசனர் இலக்கியம்’ எனப் பழிக்கப்பட்டபோது, விமர்சகர் பலர் பேச்சு வழக்கின் பக்கம் உறுதியுடன் நின்றனர். அவ்வாறு நின்ற விமர்சனமே அதே பேச்சு வழக்கு கிற்றாரோடு கூடி வந்தபோது முகந்திருப்பிக்கொண்டது. ‘சின்ன மாமியே’ என விளித்து, மகள் எங்கே என்று மருமகன் முறையான் வினவும் பாட்டில் யாழ்ப்பாணத்து முற்றம் முழுவதும் இருக்கின்றது: முறைகொண்டாடும் உரிமை, கேலி, தாயின் எச்சரிக்கையான மறுமொழி. இதனை ஒரு சிறுகதை செய்திருப்பின் ‘மண்வாசனை’ என்று புகழ்ந்திருப்பர். தென்னிந்தியத் திரைப்பாடலின் பொதுத்தமிழே பாட்டுக்குரிய தமிழ் எனக் கருதப்பட்ட காலத்தில், தன் ஊர்ப்பேச்சை ஒலிபெருக்கியில் வெட்கமின்றி ஒலிக்கவிட்டமை சிறு செயலன்று.

மனோகரனாற் பிரபலமான ‘சுராங்கனி’ வேறொரு வகையில் நோக்கற்பாலது. காதலிக்கு மீன் கொண்டுவந்த செய்தியன்றி அதில் வேறு பொருள் இல்லை. சிங்களப் பாட்டு தமிழோடும் பிறமொழிகளோடும் கலந்து பாடப்பட்டது. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பின் இரு மொழிகளும் ஒன்றையொன்று ஐயத்துடன் பார்த்த நாட்டில், இரு மொழி பேசுவோரும் ஒரே மேடைமுன் ஆடிய பாட்டு அது. அதனால் இன முரண்பாடு தணிந்ததெனக் கொள்வது பேதைமை. 1983 அதற்கு விடை தந்துவிட்டது. எனினும், மீனைக் குறிக்கும் ‘மாலு’ என்ற சிங்களச் சொல் 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தின் வழியாகத் தமிழகத் திரைக்குள்ளும் நுழைந்ததை எந்த மொழிக் கொள்கையும் திட்டமிடவில்லை.

இவ்விடத்து அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்ராக் 1964இல் எழுதிய கட்டுரை நினைவுகூரத்தக்கது. ‘காம்ப்’ எனப்படும் இரசனையை அவர் அதில் விளக்கினார்: மிகையும் செயற்கையும் பகட்டுமானவற்றை, அவற்றின் தோல்வியை அறிந்துகொண்டே மகிழ்ந்து சுவைக்கும் மனப்பாங்கு அது. மலினத்துக்கு மதிப்பளித்த கட்டுரை என்ற வகையில் அதன் பயன் பெரிது. ஆயின் அது சுவைஞனை மேலே நிறுத்தி, சுவைக்கப்படும் பொருளைக் கீழே வைக்கின்றது. கலியாணப் பந்தலில் ஆடிய பெரிய தகப்பனுக்கு அந்த மேல்நிலை இருக்கவில்லை. ‘எவ்வளவு மோசம், அதனால் எவ்வளவு நன்று’ என்று அவர் எண்ணவுமில்லை. அவருக்கு அது நல்ல பாட்டு, அவ்வளவே. மேனாட்டுக் கோட்பாட்டை இங்கு அப்படியே பொருத்த முயல்வோர் இவ்வேறுபாட்டைத் தவறவிடுவர்.

இதனால் எல்லாப் பொப் பாடல்களும் தேறிவிடா. ஆங்கில மெட்டுக்குச் சொல்லடுக்கியவை பல. பெண்ணைக் கேலிப்பொருளாக மட்டும் கண்டவையும் பல. இவை மலினமானவை என்பதிலும், எவருடையவையும் அல்லாதவை என்பதே பெருங்குறை. மெட்டும் கேலியும் எங்கிருந்தும் எடுக்கப்படக்கூடியன. பாடியவனின் ஊர் அவற்றில் இல்லை. நித்தியின் குரலிலோ, பயிற்சிபெற்ற பாடகர் திருத்தியிருக்கக்கூடிய உச்சரிப்பே பாட்டைத் தாங்கி நிற்கின்றது. அவ்வுச்சரிப்பு அச்சில் வருவதில்லை. சொற்களை மாத்திரம் தாளில் எழுதிவைத்து ‘இதில் என்ன கவித்துவம்?’ எனக் கேட்ட விமர்சனம், நாடகத்தை அரங்கு காணாது மதிப்பிட்டவர் செய்த பிழையையே செய்தது. மனோகரன் 2018இல் சென்னையில் மறைந்தபோது புலம்பெயர்ந்த நாடுகளில் பலர் நினைவுகூர்ந்தது அவரது பாட்டின் வரிகளையன்று. அவை ஒலித்த வீடுகளையும் அங்கு ஆடியவர்களையுமே.