வழக்காறு: ஒரு துறைப் பெயரின் பின்பாதி

தமிழில் ஒரே ஆய்வுத் துறைக்கு இரண்டு பெயர்கள் நிலைத்துவிட்டன. சு. சக்திவேல் முதலானோரின் நூல்கள் வழியே 'நாட்டுப்புறவியல்' பாடத்திட்டங்களில் பரவியது. தே. லூர்து வலியுறுத்திய 'நாட்டார் வழக்காற்றியல்' பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் துறையின் பெயராகவே ஆயிற்று. இரண்டுக்கும் மூலம், 1846 ஆகஸ்டில் லண்டன் 'அதீனியம்' இதழில் வில்லியம் தாம்ஸ் புனைபெயரில் எழுதிய கடிதத்தில் உருவாக்கிய 'ஃபோக்லோர்' என்ற கூட்டுச்சொல். நம் ஆய்வாளர்கள் அதன் முதல் பாதிக்காகத்தான் அதிகம் மல்லுக்கட்டினார்கள். 'நாட்டுப்புறம்' என்றால் கிராமத்தோடு வேலி போட்டது போலாகிறது, பட்டிக்காட்டான் என்ற ஏளனமும் அதில் ஒட்டியிருக்கிறது என்றார்கள், நியாயமான குறைதான். ஆனால் 'நாட்டார்' மட்டும் கறைபடாத சொல்லா? சோழர் கல்வெட்டுகளில் வரும் நாட்டார், நாட்டின் நிர்வாகத்தில் கைவைத்திருந்த நிலவுடைமையாளர்கள். நிலமே இல்லாதவர்களின் நடவுப் பாட்டு, நிலம் வைத்திருந்தவர்களின் அவைப் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்த முரணைப் பற்றி அதிகம் பேச்சில்லை. பின்பாதியில் உள்ள 'வழக்காறு' பற்றியோ அதனினும் குறைவு. துறையின் சாரமே அங்குதான் இருக்கிறது என்பது என் வாதம்.

வழக்காறு என்றால் வழங்கிவரும் நெறி. யார், யாரிடம், எப்போது, எதற்காக வழங்குகிறார்கள் என்பதெல்லாம் அதற்குள் அடங்கும். வழங்கப்படும் பாட்டோ கதையோ அதில் ஒரு பங்குதான். நம் தொகுப்பு வரலாறு அந்த ஒரு பங்கையே முழுமையாக எடுத்துக்கொண்டது. 1871இல் சார்லஸ் கோவர் தென்னிந்தியப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1943இல் மு. அருணாசலத்தின் 'காற்றிலே மிதந்த கவிதை', 1958இல் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' ஆகியவை வந்தன. இவற்றுக்கு நாம் பட்ட கடன் பெரிது. பாடல்களைச் சமூக உறவுகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நா. வானமாமலை வற்புறுத்தினார், அவர் நடத்திய 'ஆராய்ச்சி' இதழ் அந்தப் பார்வையை வளர்த்தது. ஆயினும் பொதுவில் நடந்தது என்னவோ சொற்களைச் சேகரிப்பதுதான். ஒப்பாரியையே பாருங்கள். தாய்க்கு மகள் அழுவது வேறு, கணவனுக்கு மனைவி அழுவது வேறு. உறவு மாறினால் விளியும் உவமையும் மாறும். சாவு விழாத வீட்டுக்குள் அதைப் பாடக் கூடாது என்று மறுக்கும் பெண்கள் உண்டு. அந்த மறுப்பும் ஒப்பாரி வழக்காற்றின் பகுதிதான். பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு மறுப்பை எழுதாமல் விட்ட தொகுப்பு, ஒப்பாரியை வெறும் சோகக் கவிதையாக ஆக்கிவிடுகிறது. 1971இல் டான் பென்-ஆமோஸ், ஃபோக்லோரைச் சிறு குழுக்களுக்குள் நிகழும் கலைநயமுள்ள தொடர்பாடல் என்று வரையறுத்தார். அமெரிக்க ஆய்வுலகில் அது பெரிய திருப்பமாகப் பேசப்பட்டது. 'வழக்காறு' என்ற சொல்லைக் கையில் வைத்திருந்த நமக்கு அது அவ்வளவு புதிதாக இருந்திருக்க வேண்டியதில்லை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வழங்கும் முறை மாறும், மறையும்; எழுத்தில் பதிந்தது நிற்கும்; ஆகவே முதலில் உள்ளடக்கத்தைக் காப்பாற்றுவோம் என்பார்கள். மஞ்சள் வழக்கை அதற்குச் சான்றாகக் காட்டலாம். புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வாதாடியது. 1997இல் காப்புரிமை ரத்தானது. அங்கே எடுபட்டவை பழைய நூல்களும் அச்சேறிய கட்டுரைகளும். பாட்டி கைவைத்தியம் என்ற வாய்மொழி மட்டும் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். இந்த வழக்கின் பின்னர் தொடங்கிய மரபறிவு மின்னூலகம் ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களிலிருந்து மருந்துக் குறிப்புகளைத் திரட்டியது. பிறர் காப்புரிமை பெறுவதைத் தடுக்க இது உதவும், மறுக்கவில்லை. ஆனால் நூலில் ஏறியதற்கு மட்டுமே இந்த அரண். ஏறாததைப் பதிந்தாலும் அதைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்தக் கேள்வி அகத்திய மலையில் எழுந்தது. 1987இல் அங்கே சென்ற அறிவியலாளர்களுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடியினர், களைப்பு தெரியாமலிருக்க ஒரு செடியின் காய்களைத் தின்றார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதைக் கொண்டு கேரளத்தின் பாலோடு என்ற ஊரிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா 'ஜீவனி' மருந்தை உருவாக்கி, கோவையின் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் தந்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. உலக அரங்குகளில் முன்மாதிரியாகப் பாராட்டப்பட்ட ஏற்பாடு இது. ஆனால் காணிகளின் மருத்துவர்களான பிலாத்திகள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். செடியைக் காட்டிக்கொடுக்கும் உரிமை வழிகாட்டியாக வந்தவர்களுக்கு ஏது என்பதே அவர்கள் கேட்டதன் உட்பொருள். ஒரு சமூகத்தின் அறிவு என்றவுடன் அது எல்லோருக்கும் சமமாகப் பொது என்று எண்ணிக்கொள்கிறோம். வழங்கும் நெறியோ உள்ளுக்குள்ளேயே வாசல்கள் வைத்திருக்கிறது. பணத்தைப் பெறுவதற்கான அறக்கட்டளை பின்னர் கேரளக் காணிகளின் பெயரில் பதிவாயிற்று. ஆனால் அதே மலைத்தொடரின் தமிழகப் பகுதியான கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கங்களிலும் காணிகள் வாழ்கிறார்கள்.