கடாரத்துக்கு ஒரு புள்ளி

2020 செப்டம்பரில் வெளிவந்த குருசேடர் கிங்ஸ் 3 விளையாட்டில் தஞ்சாவூர் உண்டு, ஈழம் உண்டு, பர்மாவும் உண்டு. ஆனால் வெளிவந்தபோது அதற்குக் கிழக்கே வரைபடம் முடிந்துவிட்டது. சோழனாக ஆடியவனுக்குக் கடாரம் கிடைக்கவில்லை. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் உட்கார்ந்து ஆடிய தமிழ்ப் பையனுக்குத் தன் மாநிலமே கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் சம்பளம் வாங்காத ரசிகர்கள். ‘ராஜாஸ் ஆஃப் ஆசியா’, ‘ஏசியா எக்ஸ்பேன்ஷன் புராஜெக்ட்’ ஆகிய மோட்கள் (விளையாட்டை மாற்ற ரசிகர்கள் செய்யும் கோப்புகள்) வரைபடத்தைக் கிழக்கே நீட்டின. விளையாட்டை வெளியிட்ட பாரடாக்ஸ் நிறுவனம் அதே நிலப்பரப்பை ‘ஆல் அண்டர் ஹெவன்’ என்ற விரிவாக்கத்தோடு கொண்டுவந்தது 2025 அக்டோபரில்தான்.

மோட் செய்பவர்களின் பெரிய பலம் இது. எது விற்கும் என்ற கணக்கு அவர்களுக்கு இல்லை. தங்களுக்கு வேண்டியது விளையாட்டில் இல்லையென்றால் செய்துகொள்கிறார்கள். செய்ததை ஊருக்கும் கொடுக்கிறார்கள்.

மலேசியாவில் இது புதிய பழக்கமும் அல்ல. மோட் என்ற பெயரே தெரியாமல் ஒரு தலைமுறை ஆடித் தீர்த்திருக்கிறது. வார்கிராஃப்ட் 3 என்ற வியூக விளையாட்டோடு வந்த வரைபடக் கருவியைக் கொண்டு ரசிகர்கள் உருவாக்கியதுதான் டோட்டா. சிசி எனப்படும் இணையக் கணினிக் கடைகளில் பள்ளிச் சீருடையோடு கூடியவர்கள் வார்கிராஃப்டைத் திறந்ததே டோட்டாவுக்காகத்தான்; வீட்டில் இணைய வசதி இருந்தவர்கள் கரேனா என்ற இணைய ஆட்டத் தளம் வழியாகச் சேர்ந்துகொண்டார்கள். 2013-ல் டோட்டா 2 உலகப் போட்டியில் மலேசியாவின் ஆரஞ்ச் அணி மூன்றாம் இடம் பிடித்தது. அந்த விளையாட்டின் வேர் ஒரு ரசிகர் கோப்பில் இருக்கிறது.

ஆனால் ரசிகர் செய்ததெல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற வரலாற்று வியூக விளையாட்டில் நடந்ததைப் பார்க்கலாம். 2012 டிசம்பரில் ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’ என்ற ரசிகர் மோட் வந்தது. மறு ஆண்டே அது அதிகாரபூர்வ விரிவாக்கமானது. செய்த குழு ஒரு நிறுவனமாகவே வளர்ந்தது. அந்த விரிவாக்கத்தில் ‘இந்தியர்’ என்று ஒரே ஓர் இனம். சிந்து முதல் குமரி வரை எல்லாருக்கும் பொதுவான பெருமை ஒட்டகப் படை. சோழனாக ஆட நினைத்தவன் காவிரிக் கரையில் ஒட்டகம் மேய்க்க வேண்டியிருந்தது! 2022 ஏப்ரலில் அதே குழு ‘டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா’ வழியாக அந்த ஒற்றை இனத்தைப் பிரித்தது. திராவிடர், வங்காளிகள், கூர்ஜரர் தனித்தனியே வந்தார்கள். பழைய இந்தியர் இந்துஸ்தானியர் ஆனார்கள். திராவிடருக்கு உருமி வீரன், திரிசடைக் கப்பல், ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு படையெடுப்புக் கதை. திருத்தியது பாராட்டத்தக்கதுதான். ஆனால் அதற்கு எட்டு ஆண்டுக்கு மேல் ஆனது. ரசிகர் அவசரத்தில் போட்ட ஒரு கோடு அதிகாரபூர்வமாகிவிட்டால் அவ்வளவு எளிதில் அழியாது.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அதை மோட் செய்பவர்களின் குற்றம் என்று சொல்லிவிடவும் முடியாது. 1025-ஐ ஒட்டி நடந்த ராஜேந்திரனின் கடற்படையெடுப்பைப் பற்றித் தஞ்சைக் கல்வெட்டு வரிசையாக ஊர்களைச் சொல்கிறது: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம். கடாரம் கெடா என்பதிலும் மாநக்கவாரம் நிக்கோபார் என்பதிலும் பெரிய சண்டை இல்லை. மலையூரைப் பெரும்பாலோர் சுமத்ராவின் ஜாம்பி என்பார்கள். வளைப்பந்தூறு எங்கே என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆய்வாளர் ‘இருக்கலாம்’ என்று எழுதி அடிக்குறிப்பில் ஒதுங்கிவிடலாம். வரைபடக் கோப்பு அப்படி விடாது. வளைப்பந்தூறு வேண்டுமானால் ஒரு மாகாண எண் கொடுத்து, எல்லை வரைந்து, ஓர் ஆட்சியாளனையும் உட்கார்த்தி வைத்தாக வேண்டும். ஐயத்துக்கு அங்கே நிறம் இல்லை.

கூலாய்க்காரர்களுக்கு இதன் ஆபத்து எளிதில் விளங்கும். நமக்கு வடக்கே லிங்கியூ நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டில் கோத்தா கெலாங்கி என்ற புராதன நகரம் மறைந்திருக்கிறது என்று ஆய்வாளர் ரைமி சே-ரோஸ் முன்வைத்த கருத்து 2005-ல் நாளிதழ்களை நிறைத்தது. ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் இருந்த கருங்கல் கோட்டையை ராஜா சூலான் பிடித்ததாக ‘செஜாரா மெலாயு’ சொல்லும் கதையோடு அது இணைக்கப்பட்டது. சூலான் சோழன்தான் என்று நம்மவர்கள் மகிழ்ந்தார்கள். அரசுத் தரப்பில் தேடியவர்களோ ஆதாரம் இல்லை என்றார்கள். இப்போது ஒரு மோடில் அந்தக் காட்டின் நடுவே ‘கோத்தா கெலாங்கி, 1025’ என்று ஒரு கோட்டை நின்றால் பதினைந்து வயதுப் பையன் அதை வரலாறு என்றே எடுத்துக்கொள்வான். பாடநூலில் படித்ததை மறந்தாலும், தானே முற்றுகையிட்டுப் பிடித்த கோட்டையை மறக்க மாட்டான். நல்ல மோட் எது என்பதற்கு என் அளவுகோல் இதனால் மாறிவிட்டது. படம் எவ்வளவு அழகு என்பது எனக்கு இரண்டாம்பட்சம். எந்தெந்த இடத்தில் ஊகித்தோம் என்று செய்தவர்கள் விளக்கக் குறிப்பில் சொல்லியிருக்கிறார்களா என்றே முதலில் பார்க்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர் மோட் எதுவும் இல்லாமல் முதலில் சில ஆட்டங்கள் ஆடட்டும். அசல் தெரியாதவனுக்கு மாற்றம் தெரியாது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் புதிய பதிப்பில் மோட் பட்டியல் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. தெரியாத தளத்தில் எதையும் இறக்க வேண்டியதில்லை. அதில் இரண்டு வகை. மரங்களைச் சிறிதாக்குவது, தரையில் கட்டம் போடுவது போன்ற தோற்ற மாற்றங்கள் உங்கள் திரையோடு நின்றுவிடும். தரவரிசை ஆட்டத்திலும் பயன்படுத்தலாம். விதிகளையே மாற்றும் தரவு மோட் அப்படியல்ல, அறையில் உள்ள எல்லாரிடமும் அதே கோப்பு இருக்க வேண்டும். அது விதிக்கோப்பை முழுதாகவே மாற்றி வைப்பதால், நிறுவனம் புதுப்பிப்பு வெளியிட்டதும் பெரும்பாலும் பழுதாகிவிடும். செய்தவருக்கு அந்த வாரம் தேர்வோ வேலையோ இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். இலவசமாக வாங்கியவனுக்குக் கோபப்பட உரிமை இல்லை.

குருசேடர் கிங்ஸ் போன்றவற்றில் வரைபடத்தை மாற்றும் இரண்டு மோட்களைச் சேர்த்துப் போடவே கூடாது. பாதி ஆட்டத்தில் மோட் புதுப்பிக்கப்பட்டால் சேமித்த ஆட்டம் திறக்காமலும் போகலாம். சிசி கடையில் ஆடுபவர்களுக்கு வேறு தொல்லை: பல கடைகளில் கணினியை மறுபடி திறந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இரண்டு மூன்று வெள்ளி கொடுத்து எடுத்த நேரத்தில் பாதி, மோட் இறக்குவதிலேயே போகும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டோட்டா 2-க்கு ரசிகர்கள் செய்த சில ஆட்ட வகைகளில் தீங்கு செய்யும் நிரல் ஒளிந்திருந்ததை 2023-ல் அவாஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. அதிகாரபூர்வ வழியில் வந்தது என்பது முழு உத்தரவாதம் ஆகாது. உழைப்பின் உரிமையும் செய்தவருக்கு நிற்பதில்லை. 2020-ல் வார்கிராஃப்ட் 3-ஐப் புதுப்பித்த பிளிஸ்ஸார்டு, அதன் கருவியால் உருவாகும் ஆட்டங்கள் எல்லாம் தனக்கே சொந்தம் என்று விதியில் எழுதிவிட்டது. டோட்டா வேறு நிறுவனத்திடம் போனதுபோல் இன்னொன்றும் கைநழுவிப் போய்விடக் கூடாது என்ற கவலைதான், வேறென்ன.

இத்தனைக்குப் பிறகும், தானே ஒன்று செய்து பார்க்க விரும்பும் கூலாய்ப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வேலை இருக்கிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் மொழிப் பட்டியலில் மலாய் உண்டு, இந்தி உண்டு, தமிழ் இல்லை. திராவிட வீரனைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறான், அவனைப் பற்றிய குறிப்பை மட்டும் வேறு மொழியில்தான் படிக்க வேண்டும். விளையாட்டின் எழுத்துகள் எல்லாம் சாதாரண உரைக் கோப்பில் இருக்கின்றன, வரிக்கு ஓர் எண்ணும் ஒரு தொடருமாக. நிரல் தெரிய வேண்டாம். பத்து வரியைத் தமிழுக்கு மாற்றி, தமிழ் எழுத்து திரையில் ஒழுங்காக விழுகிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடலாம். இது விதியைத் தொடுவதில்லை, எதிரே ஆடுபவரிடமும் இருக்கவேண்டும் என்பதில்லை. புதுப்பிப்பு வந்தாலும் புதிதாகச் சேர்ந்த வரிகள்தான் மூல மொழியில் தெரியும். மற்றவை தமிழிலேயே நிற்கும்.