கருப்பசாமியும் பட்டவராயன் செருப்பும்

இந்திரா சௌந்தர்ராஜனின் நாவல்கள் 'மர்மதேசம்' என்ற பெயரில் தொலைக்காட்சிக்கு வந்தது 1990களின் பிற்பகுதியில். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. அதில் 'விட்டுவிடு கருப்பா' நாவல், நாகாவின் இயக்கத்தில் 'விடாது கருப்பு' ஆயிற்று. 1987-88இல் தூர்தர்ஷன் நாடு முழுக்க ஒரே ராமனை நிறுத்தியது. பத்தாண்டு கழிவதற்குள் குதிரையேறிய கருப்பு நடுவீட்டுக்குள் வந்தது சாதாரணக் காரியமில்லை. இதை ஒத்துக்கொண்டே மேலே பேசுவோம்.

தப்பு செய்தவனைக் கருப்பு தண்டிக்கும் என்று ஊர் நம்புகிறது. சாவு விழுகிறது. வாரக்கணக்கில் பயமுறுத்திய பிறகு வரும் விடை: ஓர் உடம்புக்குள் இரண்டு ஆளுமை. பக்தனுக்குச் சாமி, படித்தவனுக்கு மனநோய். இரண்டு பேருக்கும் நோகாத பிரதி.

நம்ம பக்கத்துக் கொடையில் மாடன் இறங்கும்போது 'இது நெசமா, சீக்கா?' என்று யாரும் கேட்பதில்லை. 'வந்திருக்கது யாரு? என்ன கொறை?' என்றுதான் கேட்பார்கள். சாமியாடியின் உடம்பு, ஊர் தன் கணக்கைத் தீர்க்கிற பொது இடம். தொடர் அதைத் தனிமனிதனின் நோயாக்கி மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டது. ஊரின் குற்றம் ஒருத்தனின் மூளைக்குள் ஒடுங்கிவிட்டது.

சரி, வில்லுப்பாட்டு மட்டும் சுத்தமா? இல்லை. நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையைப் பாருங்கள். பிராமணனான பட்டன் சக்கிலியப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காமேல் ஆசைப்படுகிறான். அவர்களின் தகப்பன் கேட்டபடி பூணூலை அறுத்தெறிந்து, செருப்புத் தைத்துக் கல்யாணம் முடிக்கிறான். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பெண்கள் தீயில் இறங்குகிறார்கள். பிறகு ஒரு பிறப்புக்கதை வந்து சேர்கிறது: அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணத்திகள், சக்கிலியர் எடுத்து வளர்த்தார்களாம்! மேல்சாதியைச் சமாதானம் செய்யப் பின்னால் நுழைத்தது இது என்கிறார் நா.வா.

ஆக, தழுவல் கேமராவோடு பிறந்ததல்ல. மூலத்துக்கு உண்மையாக இருந்ததா என்பது சின்னக் கேள்வி. யாரைச் சமாதானப்படுத்த மாற்றினார்கள் என்பதே நம் கேள்வி. வில்லுப்பாட்டு சாதியைச் சமாதானப்படுத்தியது. தொடர் நடுத்தர வர்க்கத்தின் மனசாட்சியை.

இது வெறும் இலக்கிய விவகாரமா? 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு தலித் இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் காதலித்தது வேறு சாதிப் பெண்ணை. பட்டன் கதை இந்த ஆற்றங்கரையில் இன்னும் முடியவில்லை. நாட்டார் சாமிகளைத் தேடி இனி வரப்போகும் தொடர்க்காரர்கள் அதைத் தொட்டால் பிறப்புக்கதையோடு தொடுவார்களா, இல்லாமலா?

பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில், சொரிமுத்தையனார் கோவிலில் பட்டவராயனுக்கு இன்றும் காணிக்கை தோல்செருப்பு. பெண்களின் பிறப்பை மாற்றிப் பாடியவர்களால் அந்தச் செருப்பை மாற்ற முடியவில்லை. எந்தத் தழுவலையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.